ஒரு சோறு பதமா? ஏலக்களம், கிராமக் கணக்கு, மாதிரி எடுத்த கதை

சில மாதங்களுக்கு முன்னால் நான் எழுதிய ஒரு குறிப்பை வாபஸ் வாங்குகிறேன். அதில் "நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் போடுவதை யாரும் பெரிதாக விட்டுவிடவில்லை" என்று எழுதியிருந்தேன். அது தப்பு. சரியான விடை என்ன என்பது எனக்கு இன்னும் முழுசாகத் தெரியாது. ஆனால் நான் அந்த முடிவுக்கு வந்த வழி தப்பு என்பது இப்போது தெரியும்.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை மஞ்சள் ஏலம். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற வசதி இருப்பதால், மதியம் ஒரு மீட்டிங்கைத் தள்ளிவைத்துவிட்டு ஏலக்களத்துக்குப் போனேன். மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் எல்லாம் பேச்சுக் கொடுத்தேன். ரெண்டு மூணு வாரம் போய், சுமார் நாற்பது பேர். "இந்த வருசமும் மஞ்சள் தானுங்களா? அடுத்த வருசம்?" என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டேன். கிட்டத்தட்ட எல்லோருமே மஞ்சள்தான் போடுகிறோம் என்றார்கள். எழுதிவிட்டேன்.

படித்துவிட்டுச் சித்தப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏன்டா, மஞ்சளை உட்டவன் மஞ்ச ஏலத்துக்கு எதுக்குடா வர்றான்?"

இருபது வருடத்துக்கு மேலாக மென்பொருள் எழுதுகிறேன். லாக் எடுத்துப் பார்ப்பதும், அதிலிருந்து சாம்பிள் எடுப்பதும் தினசரி வேலை. கிராஷ் ஆன சர்வர் லாக் அனுப்பாது, அதனால் லாக் வராததைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். சொந்த ஊரில் அதையே மறந்துவிட்டேன். அதைவிட மோசம், அந்தக் குறிப்பை யாரோ விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "பாருங்க, நிலவரம் நல்லாத்தான் இருக்குது" என்று ஒரு வாதத்துக்கு ஆதாரமாக்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து இந்த 'மாதிரி எடுத்தல்' விஷயத்தைத் தேடிப் படித்தேன். பி.இ.யில் ஒரு செமஸ்டர் புள்ளியியல் பேப்பர் இருந்தது, பாஸ் பண்ணினேன், அவ்வளவுதான். எனவே இதை ஒரு நிபுணரின் கட்டுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சூடுபட்டவனின் குறிப்பு.

பானையும் சோறும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மிடம் இருக்கிற மிகப் பழைய சாம்பிளிங் விதி. அது உண்மையா? பானைக்கு உண்மை. ஏன்னா, அரிசி ஒரே ரகம், தண்ணீர் ஒன்று, கொதி எல்லாப் பக்கமும் சுற்றுகிறது. பானையின் எந்த மூலையிலிருந்து எடுத்தாலும் அதே சோறு. அண்டா பெரிதாக இருந்தாலும் ஒரு சோறே போதும். இது முக்கியமான விஷயம், பிறகு வருகிறேன்.

ஆனால் மஞ்சள் மூட்டைக்கு இந்தப் பழமொழி செல்லாது என்று வியாபாரிக்குத் தெரியும். மூட்டையின் வாயில் இருக்கிற நல்ல விரலியைப் பார்த்து அவர் விலை சொல்வதில்லை. கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார், ஒடித்து உள்நிறம் பார்ப்பார். விரலி, உருண்டை, பனங்காலி என்று மூன்றையும் தனித்தனியாகக் குவித்து, தனித்தனியாகத்தான் ஏலம். மூன்றையும் கலந்து ஒரு பிடி எடுத்து "சராசரி மஞ்சள்" என்று ஒருவரும் விலை வைப்பதில்லை. புத்தகத்தில் அடுக்கு மாதிரி என்று போட்டிருக்கிறதே, அது இதுதான். வேறுபாடு அதிகமாக இருக்கிற சரக்கை முதலில் வகை பிரி, பிறகு ஒவ்வொரு வகையிலும் மாதிரி எடு.

ஊர் என்பது பானையா, மூட்டையா? ஊர் கொதிப்பதில்லை, கலப்பதும் இல்லை. மேலத்தெரு, கீழத்தெரு, காலனி, தோட்டத்துச் சாளை என்று ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்கு. ஒரு தெருவில் நின்று பதம் பார்த்தால், அந்தத் தெருவின் பதம்தான் தெரியும்.

குடத்தில் யாருடைய ஓலை?

சமவாய்ப்பாக எடுப்பது, அதாவது யார் வருவார் என்பதை எடுப்பவர் தீர்மானிக்காமல் இருப்பது, நமக்கு ஒன்றும் புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. குடும்பு வாரியாகப் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். இன்றைய பாஷையில் சொன்னால், 30 அடுக்குகள், ஒவ்வொன்றிலும் குலுக்கல். எடுப்பவரின் சாய்வு உள்ளே வராமல் இருக்கத்தான் அந்தச் சிறுவன்.

பள்ளிக்கூடத்தில் இதைப் பெருமையாகப் படித்தோம். பெருமைப்படலாம்தான். ஆனால் இன்னொரு பாதியையும் படிக்க வேண்டும். குடத்துக்குள் ஓலை போக வேண்டுமானால் வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். அது பிராமணர்களின் சபை. எடுத்த முறை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், ஓலையே எழுதப்படாதவர் குடத்திலிருந்து வெளியே வரப்போவதில்லை.

யாருடைய பெயர்கள் குடத்துக்குள் இருக்கின்றன என்ற பட்டியலைச் சட்டகம் என்கிறார்கள். மாதிரி எடுப்பதில் நடக்கிற பெரிய தப்புகளில் பாதி குலுக்கலில் நடப்பதில்லை, சட்டகத்திலேயே நடந்துவிடுகிறது. என் நாற்பது பேரின் சட்டகம் ஏலக்களம்.

ஸ்லேட்டரின் மாணவர்கள்

தமிழ்நாட்டில் கிராமங்களை நவீன முறையில் கணக்கெடுத்த கதை கில்பர்ட் ஸ்லேட்டரிலிருந்து ஆரம்பிக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக 1915 கடைசியில் வந்தவர். வந்த சூட்டோடு, 1916-இல் ஒரு கேள்வித்தாள் தயாரித்துத் தன் மாணவர்களிடம் கொடுத்து, அவரவர் ஊருக்குப் போய் நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார். 1918-இல் அது 'சம் சவுத் இந்தியன் வில்லேஜஸ்' என்ற புத்தகமாக வந்தது. தமிழ்ப் பகுதியிலிருந்து அதில் இடம்பெற்ற ஐந்து ஊர்கள் பிறகு புகழ்பெற்றுவிட்டன. இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டான், தஞ்சாவூர் மாவட்டத்துப் பாலக்குறிச்சி, தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடஆர்க்காட்டின் தூசி.

இந்த ஐந்து ஊர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்? யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பொருளாதாரம் படிக்க வந்த மாணவனின் ஊர் எதுவோ, அதுவே ஆய்வுக் கிராமம். கைக்கு எட்டியதை எடுப்பது என்கிற வகை. 1916-இல் சென்னையில் கல்லூரி படிக்கிற பிள்ளை எந்த மாதிரி வீட்டிலிருந்து வந்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். படிப்புக்குப் பணம் அனுப்புகிற அளவுக்கு நிலமோ உத்தியோகமோ உள்ள குடும்பம். அப்படி ஒரு குடும்பம்கூட இல்லாத ஊர் இந்தப் புத்தகத்துக்குள் வர வழியே இல்லை. இருவேல்பட்டு இதற்கு நல்ல உதாரணம். ஒரே ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் கையில் ஊர் நிலத்தின் பெரும்பங்கு இருந்த கிராமம் அது. அதை வைத்துத் தமிழகக் கிராமம் எல்லாம் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. நம்ம சேலம் மாவட்டத்திலிருந்து அந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் அது குப்பையா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு மனம் மாறியது. 1936-37-இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள், 1940-இல் மறுஆய்வு நூல் வந்தது. இருவேல்பட்டுக்கு எஸ். குகனும் ஜோன் மென்சரும் எண்பதுகளின் தொடக்கத்தில் போய், 1983-இல் கட்டுரை எழுதினார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் மறுபடி போனார்கள். ஒரே ஊரைத் தொண்ணூறு வருடத்துக்கு மேல் திரும்பத் திரும்பப் பார்த்த கணக்கு உலகத்திலேயே அதிகம் இல்லை. நிலக்கிழாரின் பிடி எப்படித் தளர்ந்தது, கூலிக்காரர்களின் நிலை எப்படி மாறியது என்பதை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

ஆக, அந்த ஐந்து ஊர்கள் "எத்தனை சதவீதம்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது. "எப்படி மாறியது, ஏன் மாறியது" என்ற கேள்விக்குச் சொல்லும். என்னுடைய ஏலக்கள நாற்பது பேரும் அப்படித்தான். மஞ்சளை ஏன் விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கு அவர்களிடம் அருமையான பதில்கள் இருந்தன. நான் கேட்டது தப்பில்லை, அதிலிருந்து ஊருக்கே சதவீதம் போட்டதுதான் தப்பு.

கோடிப் பேரும் தோற்ற கதை

ஸ்லேட்டரைக் குறை சொல்லும் முன், அந்தக் காலத்தில் உலகமே இதில் தடுமாறிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நார்வேக்காரர் கியேர் 1895-இல் சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டில், எல்லோரையும் எண்ணாமல் ஒரு பகுதியை மட்டும் எண்ணி நாட்டைப் பற்றிப் பேசலாம் என்றபோது, எண்ணிக்கை என்றால் முழு எண்ணிக்கைதான் என்று பலர் எதிர்த்தார்கள். இங்கிலாந்தில் பவுலி 1912-இல் ரெடிங் நகரத்துத் தொழிலாளர் வீடுகளில் சுமார் இருபதுக்கு ஒன்று என்று எடுத்து வறுமையைக் கணக்கிட்டார். தெரிந்தவர் வீடு, பக்கத்து வீடு என்றில்லாமல் பட்டியலிலிருந்து வரிசையாக எடுத்ததுதான் அதில் புதுசு. அதே பவுலி ராபர்ட்சனுடன் சேர்ந்து, இந்தியாவுக்கு ஒரு பொருளாதாரக் கணக்கெடுப்புத் திட்டத்தை 1934-இல் கொடுத்தார். அதே 1934-இல்தான் நெய்மான், பிரதிநிதி மாதிரி இருக்கிறது என்று நாமே பார்த்துப் பொறுக்கி எடுப்பதைவிட அடுக்கு பிரித்துக் குலுக்கி எடுப்பது ஏன் நம்பகமானது என்று கணிதமாக நிறுவினார்.

ரெண்டு வருடத்தில் அமெரிக்காவில் உலகமே பார்க்கிற மாதிரி ஒரு பாடம் நடந்தது. 1936 தேர்தலுக்கு 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் ஒரு கோடி அட்டைகள் அனுப்பியது. 23 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளினார். அதைவிடப் பல மடங்கு சின்ன மாதிரியை வைத்துக்கொண்டு காலப் சரியாகச் சொல்லியிருந்தார். பத்திரிகையின் பட்டியலில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் அதிகம், அது மந்தக் காலம். போதாக்குறைக்கு, மெனக்கெட்டு அட்டையைத் திருப்பி அனுப்பியவர்கள் தனி ரகம்.

சட்டகம் கோணலாக இருந்தால் மாதிரியைப் பெரிதாக்குவது உதவாது. தப்பான விடையை இன்னும் உறுதியாகச் சொல்ல வைக்கும், அவ்வளவுதான். நான் ஏலக்களத்தில் நாற்பதுக்குப் பதில் நாலாயிரம் பேரைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

சணல் வயலில் மகாலனோபிஸ்

இந்தியாவில் இதைச் சரியாகச் செய்து காட்டியவர் பி.சி. மகாலனோபிஸ். வங்காளத்தில் எவ்வளவு நிலத்தில் சணல் விளைகிறது என்ற கேள்வி. 1937-இல் சின்னதாக ஒரு சோதனைக் கணக்கெடுப்பு, வருடாவருடம் பெரிதாக்கி, 1941-இல் மாகாணம் முழுவதும். எத்தனை மாதிரி எடுப்பது என்பதை அவர் ஊகத்தில் வைக்கவில்லை. முதல் வருடச் சோதனையில் வேறுபாடு எவ்வளவு, ஓர் இடத்துக்குப் போய்வரச் செலவு எவ்வளவு என்று பார்த்து, அதை வைத்து அடுத்த வருடத் திட்டம். சின்னதாக ரிலீஸ் பண்ணி, அளந்து, பெரிதாக்குகிற வழக்கம் எங்கள் தொழிலில் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே பகுதிக்கு ரெண்டு தனித்தனி மாதிரி எடுத்து, ரெண்டு தனித்தனிக் குழுவை அனுப்புவது. ரெண்டு விடையும் ஒட்டி வந்தால் சரி. ரொம்ப விலகினால் யாரோ மரத்தடியில் உட்கார்ந்து படிவம் நிரப்பியிருக்கலாம். கணக்கெடுப்பவரும் மனிதர்தான், அவரால் வரும் பிழையையும் அளக்க வேண்டும் என்பதை முறைக்குள்ளேயே வைத்துவிட்டார்.

பி.வி. சுகாத்மே வேறொரு பிழையைக் காட்டினார். பயிர் விளைச்சலை அளக்க வயலில் சின்னத் துண்டு ஒன்றை அறுத்து எடை போடுவார்கள். துண்டு ரொம்பச் சின்னதாக இருந்தால் விளைச்சல் கூடுதலாகக் காட்டும். ஓரத்தில் இருக்கிற செடி உள்ளேயா வெளியேயா என்ற சந்தேகம் வரும்போது கை தானாக உள்ளே சேர்த்துக்கொள்கிறது. துண்டு சிறிசானால் மொத்தத்தில் ஓரத்தின் பங்கு பெரிசு, அதனால் பிழையும் பெரிசு. இப்படி மகாலனோபிஸ் பக்கமும் சுகாத்மே பக்கமும் நடந்த வாக்குவாதங்களுக்கு நடுவில்தான், 1950 அக்டோபரில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் முதல் சுற்று தொடங்கியது. லட்சக்கணக்கான கிராமங்கள் உள்ள நாட்டில் சுமார் 1,800 கிராமங்கள்.

சரி, எத்தனை பேர் போதும்?

இந்தக் கேள்விக்குத்தான் எல்லோரும் ஓடி வருகிறார்கள். பத்து சதவீதம் எடு என்று கல்லூரிப் பிராஜெக்டுகளில் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதற்கு அடிப்படை இல்லை.

சுருக்கமான விதி: நேர்மையாகக் குலுக்கி எடுத்த மாதிரியில், சதவீதக் கணக்கின் பிழை வரம்பு சுமாராக ஒன்றின் கீழ் மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலம். 100 பேர் என்றால் கூடக்குறைய 10 சதவீதம். 400 என்றால் 5. 1,600 என்றால் 2.5. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் வேலை நாலு மடங்கு. இருபது முறை இப்படி எடுத்தால் சுமார் பத்தொன்பது முறை உண்மை அந்த வரம்புக்குள் இருக்கும் என்பது உத்தரவாதம். மீதி ஒரு முறை கையை விரிக்கும்.

இதில் ஊரின் மொத்த மக்கள்தொகை எங்கே? அனேகமாக எங்கேயும் இல்லை. 5 சதவீத வரம்புக்கு, 1,000 பேர் உள்ள ஊரில் 278 பேர் வேண்டும். 10,000 பேர் என்றால் 370. ஒரு லட்சம் என்றால் 383. 2011 கணக்குப்படி 7.2 கோடி பேர் உள்ள தமிழ்நாட்டுக்கே 385. பானை அண்டாவானாலும் ஒரு சோறே போதும் என்றேனே, அது இதுதான். நன்றாகக் கிளறிய பானைக்கு மட்டும்.

அப்படியானால் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 28 ஆயிரம் வீடுகளுக்கு ஏன் போனார்கள்? மாநிலத்துக்கு ஒரு எண் மட்டும் சொன்னால் போதாது, 32 மாவட்டங்களுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனை துண்டு போட்டுப் பேசப் போகிறோமோ, ஒவ்வொரு துண்டுக்கும் போதுமான மாதிரி வேண்டும். என்னிடம் 400 பேர் இருந்து, அதில் காலனிப் பெண்கள் 20 பேர் என்றால், அந்த இருபதை வைத்து நான் சொல்கிற எதற்கும் பிழை 22 சதவீதம். மொத்தம் 400 என்று பெருமையடித்துப் பிரயோஜனமில்லை.

இன்னொரு பொறி கொத்து. அலைச்சலை மிச்சம் பிடிக்க, பத்துத் தெருவில் தெருவுக்கு 40 பேர் என்று எடுக்கிறோம். ஒரே தெருக்காரர்கள் ஒரே சாதி, ஒரே கிணற்றுப் பாசனம், ஒரே வேலை என்று ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். முதல் பத்துப் பேர் சொன்னதையே மீதி முப்பது பேரும் சொல்வார்கள். அந்த ஒத்திருப்பு அளவு 0.05 என்று ரொம்பச் சின்னதாக இருந்தால்கூட, பிழையின் வர்க்கம் 1 + 39 × 0.05, அதாவது கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. 400 பேரைக் கேட்டும் சுமார் 136 பேரைக் கேட்ட பலன்தான். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் ஒரு கிராமத்தில் சில வீடுகளோடு நிறுத்திக்கொண்டு, நிறையக் கிராமங்களுக்குப் போவது இதனால்தான்.

நாலு வயலும் ஒரு கிராமமும்

இதெல்லாம் சும்மா கணக்கு என்று நினைக்க வேண்டாம். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் 2016 வழிகாட்டுதலின்படி, கிராம அளவில் அறிவிக்கப்பட்ட முக்கியப் பயிருக்குக் குறைந்தது நாலு பயிர் அறுவடைச் சோதனை. பிர்கா அளவு என்றால் பத்து. வயலைக் குலுக்கல் முறையில் சர்வே எண்ணிலிருந்து எடுத்து, வயலுக்குள் தென்மேற்கு மூலையிலிருந்து குலுக்கலில் வந்த அடிகள் எண்ணி நடந்து, அந்த இடத்தில் துண்டு போட்டு அறுத்து எடை பார்ப்பார்கள். அந்தச் சில துண்டுகளின் சராசரிதான் அந்தப் பகுதி முழுவதற்கும் இழப்பீடு உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிறது. "என் வயல் சுத்தமாப் போச்சு, எனக்கு ஒண்ணும் வரலை" என்று டீக்கடையில் புலம்புகிறவரின் வயல் அந்தத் துண்டுகளில் வராமல் போயிருக்கலாம். முறையில் தில்லுமுல்லு எதுவும் இல்லாமலேயே இது நடக்கும். நாலு வயலின் சராசரி எவ்வளவு ஆடும் என்பதை மேலே சொன்ன வர்க்கமூலத்தில் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது முயற்சி

இவ்வளவும் படித்த பிறகு, மறுபடியும் எண்ணிப் பார்ப்பது என்று இறங்கினேன். கேள்வி: பத்து வருடத்துக்கு முன் மஞ்சள் போட்ட குடும்பங்களில் எத்தனை இன்று விட்டுவிட்டன? சட்டகமாக வாக்காளர் பட்டியலில் ஒரு பாகத்தை எடுத்தேன். சுமார் ஆயிரம் பெயர். கணினியில் ஒன்றிலிருந்து இருபதுக்குள் ஒரு எண்ணைக் குலுக்கி, அதிலிருந்து ஒவ்வொரு இருபதாவது பெயர். ஐம்பது பேர். பிழை வரம்பு 14 சதவீதம் என்று தெரிந்துதான் இறங்கினேன், ஒற்றை ஆளுக்கு அவ்வளவுதான் முடியும்.

முதல் சனி, ஞாயிறில் 27 பேரைத்தான் பார்க்க முடிந்தது. மீதி வீடு பூட்டு, அல்லது ஆள் ஊரில் இல்லை. ஆந்திரா பக்கம் ரிக் வண்டியில் போனவர், லாரி ஓட்டுகிறவர், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் குடும்பத்தோடு போனவர்கள். யோசித்தால், விவசாயத்தை விட்டவர்தானே ரிக் வண்டிக்குப் போகிறார்? ஆள் இல்லாத வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டைக் கேட்டால், நான் மறுபடியும் ஏலக்களத்துக்கே போனதாக ஆகிவிடும். அதனால் நாலு வாரம் திரும்பத் திரும்பப் போனேன், சிலரைப் போனில் பிடித்தேன். 43 வரை வந்தேன். ஏழு பேர் இன்னும் பாக்கி. அந்த ஏழும் எந்தப் பக்கம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் 43 பேரைப் போலவே இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த வேலைக்கு நடுவில்தான் அத்தையைப் பார்த்தேன். அப்பாவுக்குத் தங்கை முறை, நாலு தெரு தள்ளி ஒற்றையாக இருக்கிறார். பட்டியலில் அவர் பெயர் என் குலுக்கலில் வரவில்லை. நோட்டோடு போவதைப் பார்த்துக் கூப்பிட்டு, என்ன எழுதுகிறாய் என்றார். சொன்னேன்.

"மஞ்ச உட்டவங்களயா தேடறே? நாந்தான் உட்டேன். மாமா போனதுக்கப்பறம் ரெண்டு வருசம் குத்தகைக் காட்டுல போட்டேன். வேக வெக்கற கூலி, ஏறக்கூலின்னு போயி கைக்கு ஒண்ணும் நிக்கலை. இப்பக் குச்சிக்கெழங்கு வெட்டுக்குப் போறேன், நூறு நாள் வேலைக்குப் போறேன். என்னைய ஆரு கண்ணு கேட்டாங்க?"

குத்தகைக்கு எழுத்து எதுவும் இல்லை. அதனால் பயிர்க் காப்பீட்டிலும் பெயர் இல்லை. 2003-இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் விவசாயக் குடும்பம் என்றால் கொஞ்சமாவது நிலம் கைவசம் இருக்க வேண்டும். 2013 சுற்றில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, ஆண்டுக்கு 3,000 ரூபாய்க்கு மேல் விளைபொருள் மதிப்பு என்று வைத்தார்கள், 2019-இல் அது 4,000 ஆனது. ஆக, பயிர் வைத்தவரை நிலமில்லாவிட்டாலும் அத்தை கணக்கில் விவசாயிதான். விட்ட மறுவருடம், விட்ட விவசாயி என்று ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை, கூலிக்காரர்.

அத்தையிடம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் என் இரண்டாவது முயற்சியில் இருந்த ஓட்டையும் பிடிபட்டது. நான் கேட்டது குடும்பத்தைப் பற்றிய கேள்வி. எடுத்ததோ தனி வாக்காளரை. ஆறு ஓட்டு உள்ள கூட்டுக் குடும்பம் என் குலுக்கலில் வர ஆறு வாய்ப்பு. ஒற்றையாக இருக்கிற விதவைக்கு ஒரே வாய்ப்பு. நாலு ஏக்கரும் மூணு மகன்களும் உள்ள வீடு மஞ்சளில் தாக்குப்பிடிக்கும். தனி ஆள்தான் முதலில் விடுவார். அதாவது, யார் விட்டிருப்பாரோ அவரைச் சரியாகத் தவறவிடும்படி நானே ஒரு முறையை வடிவமைத்திருக்கிறேன். இதற்கு மருந்து இருக்கிறது. ஒவ்வொரு பதிலையும் அந்த வீட்டு வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்து எடை போட வேண்டும், ஆறு ஓட்டு வீட்டின் பதிலுக்கு ஆறில் ஒரு பங்கு எடை. அந்த எண்ணிக்கையை நான் குறித்துக்கொள்ளவில்லை. மறுபடி 43 வீட்டுக்கும் போய்க் கேட்க வேண்டும்.

அத்தையை என் மாதிரியில் சேர்க்க முடியாது. குலுக்கலில் வராதவரைப் பாசத்துக்காகச் சேர்த்தால் அது ஸ்லேட்டரின் மாணவர் செய்த வேலை. ஆனால் அவர் சொன்னதைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன், கூலி விவரம், குத்தகைத் தொகை, எந்த வருடம் எவ்வளவு நஷ்டம் என்று எல்லாம். சதவீதத்துக்கு அது உதவாது. "ஏன்" என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அடுத்த ரெண்டு ஞாயிறுகளும் அந்த 43 வீடுகளுக்குத்தான். பாக்கி ஏழு பேரில் மூன்று பேர் மாரியம்மன் பண்டிகைக்கு ஊருக்கு வருவார்கள் என்று அவர்கள் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் பிடித்துவிட்டு, கணக்கைப் போட்டு, பிழை வரம்போடு எழுதுகிறேன். அதுவரை அந்தப் பழைய குறிப்பை யாராவது ஃபார்வர்டு செய்தால், எழுதினவனே வாபஸ் வாங்கிவிட்டான் என்று சொல்லுங்கள்.